பெரியாற்றின் இரு பக்கமும் ஒரே முன்கணிப்பும்: 2018 ஆகஸ்ட், அக்டோபர் – ஒரு நிகழ்வு ஆய்வு

2018 ஆகஸ்ட் 15 காலை. தேனி மாவட்டத்தில் கூடலூரை அடுத்த, கேரள எல்லையோர லோயர் கேம்ப்பில் நல்ல வெயில். மேற்கே குமுளி மலை விளிம்பில் கருமேகம் அணை கட்டியது போல் நின்றது. எங்கள் பக்கம் இறங்கி வந்தது காற்று மட்டும்தான். கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்தவர்களுக்கு இது பழகிய காட்சி. தென்மேற்குப் பருவம் என்றால் எங்களுக்குக் காற்றும் சாரலும். மழை முழுவதும் மலைக்கு அந்தப் பக்கம். முதல் போக நெல் வயலில் பச்சையாக நின்றது. மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்தின் வண்டிப்பெரியாற்றிலிருந்து மாமா மகன் போன் செய்தார்.

"மச்சான், அங்கே மழை எப்படி?"

"வெயில் அடிக்கிறது" என்றேன். சிறிது நேரம் பேச்சில்லை.

"இங்கே ஆறு வாசற்படிக்கு வந்துவிட்டது. மேலே அணையில் இன்னும் எவ்வளவு திறப்பார்கள் என்று யாரிடமாவது கேட்டுச் சொல்லுங்கள்."

கூடலூருக்கும் வண்டிப்பெரியாற்றுக்கும் நேர்கோட்டில் இருபது கிலோமீட்டர் சொச்சம்தான். அன்று அவருக்கு என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டு, கிடைத்ததையெல்லாம் படித்துச் சேர்த்ததன் விளைவுதான் இந்த ஆய்வு. இதில் நான் எடுத்துக்கொள்வது இரண்டு முடிவுகளை. ஒன்று, ஆகஸ்ட் இரண்டாம் வாரத்தில் இடுக்கி அணையில் எடுக்கப்பட்டது. மற்றொன்று, அதே அணையில் அக்டோபர் 6 அன்று எடுக்கப்பட்டது. முதலாவதைத் தாமதம் என்றார்கள். இரண்டாவதைத் தேவையற்ற பதற்றம் என்றார்கள். வந்த மழையை மட்டும் வைத்துச் சொல்லப்பட்ட தீர்ப்புகள் இவை. முடிவெடுத்தவர்களின் கையில் அந்த நேரத்தில் என்ன இருந்தது, என்ன இருந்திருக்க வேண்டும் என்று பார்த்தால் வேறு படம் தெரிகிறது.

ஆகஸ்டில் நடந்தது

இடுக்கி நீர்த்தேக்கத்தின் முழுக் கொள்ளளவு மட்டம் 2,403 அடி. ஜூலை இறுதியிலேயே நீர்மட்டம் 2,395 அடியை எட்டியது. ஆகஸ்ட் 9 அன்று, அந்த நீர்த்தேக்கத்தின் நீரைத் திறந்துவிடும் ஷட்டர்கள் உள்ள செறுதோணி அணையின் ஒரு ஷட்டர் 26 ஆண்டுகளுக்குப் பிறகு முதன்முறையாகத் திறக்கப்பட்டது; மறுநாள் ஐந்து ஷட்டர்களும் திறந்தன. 13ஆம் தேதி வாக்கில் மழை தணிந்தது, மட்டம் இறங்கியது, ஐந்தில் சில மூடப்பட்டன. இந்த ஆய்வில் என் மனம் திரும்பத் திரும்ப வந்து நிற்பது அந்த இடைவெளியில்தான். ஓய்ந்ததாகத் தோன்றிய அந்த ஓரிரு நாளுக்குப் பின், ஒடிசா கடலோரத்தில் உருவான காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் அரபிக்கடல் காற்றை இழுத்து மலைமேல் மோதவிட்டது. 15 முதல் 17 வரை மூன்று நாளில் கேரளம் முழுவதற்குமான சராசரி மழையே 414 மில்லிமீட்டர் என்று மத்திய நீர் ஆணையத்தின் அறிக்கை சொல்கிறது. பெருமழையின் மையம் பீர்மேடு, அதாவது எங்கள் எல்லைக்கு அடுத்த மேடு. இதோடு ஒப்பிடத்தக்கது என்று அந்த அறிக்கை எடுத்துக்காட்டுவது 1924 ஜூலையில் தேவிகுளத்தை மையமாகக் கொண்டு பெய்த மழையை.

இடுக்கிக்கு மேலே உள்ள முல்லைப் பெரியாறு அணையில் 15ஆம் தேதி அதிகாலை உபரிநீர் ஷட்டர்கள் திறக்கப்பட்டன. மட்டம் 142 அடியைத் தொட்டது. அங்கிருந்து வழிந்தது வண்டிப்பெரியாறு வழியாக இடுக்கிக்குப் போய்ச் சேர்ந்தது. இடுக்கி ஏறத்தாழ நிரம்பிய நிலையில் வினாடிக்கு 1,500 கன மீட்டர் வரை கீழே விட்டது. செறுதோணி பஸ் நிலையம் அடித்துச் செல்லப்பட்டது. கேரளம் முழுவதும் அந்த வெள்ளத்தில் 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

முன்பே நீரைத் திறந்திருந்தால்? அந்த மூன்று நாளில் கேரளத்தில் ஓடிய நீர் சுமார் 1,200 கோடி கன மீட்டர்; மாநிலத்தின் அணைகள் எல்லாவற்றின் பயன்பாட்டுக் கொள்ளளவையும் சேர்த்தால்கூட 580 கோடிதான். எனவே அணைகள் வெள்ளத்தை உண்டாக்கவில்லை, முக்கால் அளவே நிரம்பியிருந்தாலும் இந்த வெள்ளத்தைத் தடுத்திருக்க முடியாது என்றது ஆணையம். ஐ.ஐ.டி. மதராஸ் ஆய்வாளர்கள் பெரியாற்றுப் படுகையைத் தனியாகக் கணக்கிட்டு 2019இல் வெளியிட்டார்கள்: அணைகளை முன்கூட்டியே காலியாக்கியிருந்தால் வெள்ளத்தின் உச்சம் 16 முதல் 21 சதவீதம் குறைந்திருக்கும். இந்த எண்ணை ஒரு தரப்பார் 'இவ்வளவுதானா' என்று தள்ளினார்கள். இன்னொரு தரப்பார் 'இவ்வளவு குறைந்திருக்குமே' என்று பிடித்துக்கொண்டார்கள். ஆற்றங்கரையில் இருப்பவருக்கு ஐந்தில் ஒரு பங்கு என்பது கூரைக்கும் ஜன்னலுக்கும் உள்ள வித்தியாசம். நான் இரண்டாம் தரப்பில் நிற்கிறேன்.

ஒற்றை எண் செய்த கேடு

அந்த மாத இறுதியில் கூடிய கேரள சட்டமன்றச் சிறப்புக் கூட்டத்தில் முதலமைச்சர் பினராயி விஜயன் இரண்டு எண்களை வைத்தார். ஆகஸ்ட் 9 முதல் 15 வரை முன்கணிக்கப்பட்டது 98.5 மில்லிமீட்டர்; பெய்தது 352.2. வானிலைத் துறை குற்றச்சாட்டை ஏற்கவில்லை. கனமழை எச்சரிக்கைகளை உரிய நேரத்தில் கொடுத்தோம் என்றது. யார் சரி என்ற வாதத்தில் முக்கியமான ஒன்று நழுவிவிட்டது. 98.5 என்பது பல சாத்தியங்களின் நடுவில் நிற்கும் ஓர் எண். அந்தச் சாத்தியங்களின் மேல் விளிம்பு எங்கே இருந்தது, 300ஐத் தாண்டும் வாய்ப்பு நூற்றில் எத்தனை என்ற கேள்விக்கு அந்த எண்ணில் பதில் இல்லை. அணைக்காரருக்கு வேண்டியது அந்த விளிம்புதான். நடு எண்ணை வைத்துக்கொண்டு ஷட்டரைத் தொட முடியாது.

குழும முன்கணிப்பு பிறந்ததே இதற்காகத்தான். வளிமண்டலத்தின் இன்றைய நிலையை யாராலும் துல்லியமாக அளந்துவிட முடியாது. தொடக்கத்தில் இருக்கும் சிறு பிழை நாட்கள் செல்லச் செல்லப் பெருகும் என்பதை எட்வர்ட் லோரன்ஸ் 1963இல் காட்டினார். ஆகவே வானிலையைக் கணக்கிடும் ஒரு கணினி மாதிரியை ஒருமுறை ஓட்டுவதற்குப் பதில், தொடக்க நிலையைச் சற்றே மாற்றி மாற்றிப் பல முறை ஓட்டுகிறார்கள். ஐரோப்பிய நடுத்தரக் கால வானிலை முன்கணிப்பு மையமும் அமெரிக்காவும் 1992 டிசம்பரில் இதை அன்றாடப் பணியாக்கின. ஐரோப்பிய மையம் 51 ஓட்டங்களை ஓட்டுகிறது. 51இல் 15 ஓட்டங்களில் பெருமழை வந்தால் வாய்ப்பு ஏறத்தாழ முப்பது சதவீதம்.

இந்தியாவில் நிலப்பரப்பை 12 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் கணக்கிடும், இருபதுக்கு மேற்பட்ட ஓட்டங்கள் கொண்ட இரண்டு குழும அமைப்புகள் தொடங்கப்பட்ட நாள் 2018 ஜூன் 1. வெள்ளத்துக்கு இரண்டரை மாதம் முன்பு. கருவி வந்துவிட்டது. அதன் சொல்லைக் கேட்டு ஷட்டரைத் திறக்கும் விதி எந்த அணையின் கையேட்டிலும் ஏறுவதற்கு இரண்டரை மாதம் போதாது.

எதைச் சரி என்பது

முன்கணிப்பை மதிப்பிடுவதில் நம்மிடையே உள்ள பெரிய பிழை, 'நூற்றுக்கு எத்தனை முறை சரி' என்று கேட்பது. 1884இல் அமெரிக்காவில் பின்லி என்பவர் சூறாவளிச் சுழலை (டொர்னாடோ) கணித்துப் பார்த்தார். 2,803 முறையில் 96.6 சதவீதம் சரி. ஆனால் 'சுழல் வராது' என்று ஒவ்வொரு முறையும் சொல்லியிருந்தால் 98.2 சதவீதம் சரியாக இருந்திருக்கும் என்று உடனே சுட்டிக்காட்டினார்கள். அவர் 'வரும்' என்று சொன்ன 100 முறையில் வந்தது 28. வந்த 51 சுழல்களில் அவர் பிடித்தது அந்த 28. அரிய நிகழ்வுக்கு எது முக்கியமோ அது அந்த 96.6க்குள் மறைந்து கிடக்கிறது. பீர்மேட்டில் ஆண்டு முழுவதும் 'இன்று 20 சென்டிமீட்டர் மழை பெய்யாது' என்று சொல்பவரும் ஏறத்தாழ எல்லா நாளும் சரியாகவே சொல்வார்.

குழுமத்தை அளப்பது வேறு வகை. முப்பது சதவீதம் என்று சொன்ன நாட்களையெல்லாம் ஒன்று சேர்க்க வேண்டும். அவற்றில் பத்துக்கு மூன்று நாள் மழை வந்ததா? வந்திருந்தால் அந்த முப்பதை நம்பலாம். பத்துக்கு ஆறு நாள் வந்திருந்தால் அது அறுபதைக் குறைத்துச் சொன்ன முப்பது; திருத்திப் பயன்படுத்திக்கொள்ளலாம். இது நம்பகம். அதோடு கூர்மையும் வேண்டும். தினமும் நீண்டகாலச் சராசரியையே வாய்ப்பாகச் சொல்கிறவர் நம்பகமானவர்தான். அவரால் யாருக்கும் பயனில்லை. கிளென் பிரையர் 1950இல் தந்த மதிப்பெண் இரண்டையும் சேர்த்தே எடை போடுகிறது: சொன்ன வாய்ப்புக்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தின் வர்க்கம். நடந்தது ஒன்று, நடக்காதது பூஜ்யம். அறுபது சதவீதம் சொல்லி மழை வராவிட்டால் 0.36. ஒரு நாளுக்கு அந்த 0.36இல் பொருளே இல்லை. நூற்றுக்கணக்கான நாட்களின் சராசரியில்தான் அது பேசத் தொடங்கும்.

மூன்றாவதாக, ஓட்டங்களின் விரிவைப் பார்க்க வேண்டும். பெய்த மழை, எல்லா ஓட்டங்களையும் தாண்டி அடிக்கடி வெளியே விழுகிறது என்றால் ஓட்டங்கள் ஒன்றையொன்று ஒட்டியே போகின்றன, குழுமம் தன் அறிவை மிகைப்படுத்திக்கொள்கிறது என்று பொருள். எங்கள் மலையில் இந்தச் சிக்கல் இரட்டிப்பு. கூடலூரும் வண்டிப்பெரியாறும் 12 கிலோமீட்டர் மாதிரியில் ஏறத்தாழ அடுத்தடுத்த இரண்டு கட்டங்கள். வயலில் வெயில், இருபது கிலோமீட்டரில் ஆறு வாசலில். மாதிரியின் மலையோ சமநிலம் போல் மழுங்கிய மலை. மேட்டின் மழையைக் குறைத்தும் பள்ளத்தாக்கின் மழையைக் கூட்டியும் அது சொல்லக்கூடும். ஆகவே மூல எண்ணை அப்படியே கொடுக்காமல், பீர்மேடு, குமுளி, தேக்கடி மழைமானிகளின் பல ஆண்டுப் பதிவை வைத்துத் திருத்திக் கொடுக்க வேண்டும். செலவு குறைந்த, அலுப்பான வேலை. இதைப் போல் பலன் தரும் வேலை இந்தத் துறையில் வேறு இல்லை என்பேன்.

அக்டோபர் 6

வெள்ளம் வடிந்து ஏழு வாரம்கூட ஆகவில்லை. தென்கிழக்கு அரபிக்கடலில் புதிய தாழ்வு உருவாகும், அக்டோபர் 7 அன்று இடுக்கி உள்ளிட்ட மாவட்டங்களில் அதி கனமழை பெய்யலாம் என்று சிவப்பு எச்சரிக்கை வந்தது. 6ஆம் தேதி செறுதோணியில் ஒரு ஷட்டரைத் திறந்து வினாடிக்கு 50 கன மீட்டர் விட்டார்கள். அந்தத் தாழ்வு பின்னர் 'லூபன்' புயலாகி, மேற்கே விலகி ஏமனில் கரை கடந்தது. இங்கே அஞ்சிய மழை வரவில்லை. 'நீரை வீணாக்கிவிட்டார்கள்' என்ற பேச்சு எங்கள் பக்கத் தேநீர்க் கடைகள் வரை வந்தது.

எவ்வளவு வீண் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். வினாடிக்கு 50 கன மீட்டர் ஒரு முழு நாள் ஓடினால் 43.2 லட்சம் கன மீட்டர். இடுக்கியின் பயன்பாட்டுக் கொள்ளளவான சுமார் 146 கோடி கன மீட்டரில் இது 0.3 சதவீதம். அணைக்கும் மூலமற்றம் மின்நிலையத்துக்கும் இடையே 650 மீட்டருக்கு மேல் உயரம் இருப்பதால், ஒரு கன மீட்டர் நீரிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை யூனிட் மின்சாரம் கிடைக்கும். ஆக 65 லட்சம் யூனிட். யூனிட் 4 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 2 கோடியே 60 லட்சம் ரூபாய். முன்னெச்சரிக்கையின் ஒரு நாள் செலவு இதுதான்.

அதன் பலனாகத் தவிர்க்கக்கூடிய இழப்பு 50 கோடி என்று மிகக் குறைவாகவே வைப்போம். செறுதோணியில் ஆகஸ்டில் போனதைக் கண்ணால் பார்த்தவர்கள் இதை மறுக்க மாட்டார்கள். செலவை இழப்பால் வகுத்தால் சுமார் 5 சதவீதம். பெருமழை வாய்ப்பு 5 சதவீதத்தைத் தாண்டும் நாளெல்லாம் இப்படித் திறப்பதே நீண்டகாலத்தில் லாபம். பத்தொன்பது முறை திறந்து பதினெட்டு முறை மழை வராமல் போனாலும் கணக்கு நஷ்டமாகாது. அப்படியானால் அக்டோபர் 6 பிழையான முடிவா? மழை வராதது அதற்குச் சாட்சி ஆகாது. அன்றைய வாய்ப்பு எவ்வளவு என்பதுதான் சாட்சி, அதை யாரும் கேட்கவில்லை.

இதே கணக்கை ஆகஸ்டுக்குத் திருப்பிப் பார்க்கலாம். அதே 50 கன மீட்டரைப் பத்து நாள் முன்கூட்டி விட்டிருந்தால், வெள்ளத்தின் உச்சத்தில் விடப்பட்ட 1,500 கன மீட்டரில் எட்டு மணி நேர அளவு நீரைப் பிடித்து வைக்க இடம் கிடைத்திருக்கும். விலை 26 கோடி ரூபாய். எட்டு மணி நேரம் வெள்ளத்தை நிறுத்தாது என்பது உண்மை. இரவில் வந்ததைப் பகலுக்குத் தள்ளும். ஆட்களை அப்புறப்படுத்தியவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

ஒரே முப்பது சதவீதம்

இனி எல்லைக்கு இந்தப் பக்கம் வருகிறேன். கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்லும், வைகை வழியே மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் வரை உள்ள குடிநீரும் பாசனமும் முல்லைப் பெரியாற்றை நம்பியிருக்கின்றன. அந்த அணையைக் கட்டிய பென்னிகுவிக்கின் படத்தை வீட்டில் மாட்டியிருப்பவர்கள் நாங்கள். அணையின் மட்டத்தை முன்கூட்டியே குறைத்தால், சுரங்கப் பாதை வழியே தேனிப் பக்கம் எடுத்துவரக்கூடிய அளவுக்கு எல்லை உண்டு. மீதி ஷட்டர் வழியே இடுக்கிக்குப் போகும். போனது எங்களுக்குத் திரும்பாது. மழை பொய்த்தால் இரண்டாம் போகம் போச்சு. வெள்ளமோ எங்கள் வாசலுக்கு வராது. ஆகவே எங்கள் விவசாயிக்கு முன்னெச்சரிக்கையின் செலவு பெரிது, தவிர்க்கும் இழப்பு சிறிது. வாய்ப்பு அறுபது, எழுபது சதவீதம் ஆனால்தான் அவர் 'திற' என்பார். வண்டிப்பெரியாற்றில் என் மச்சானுக்கு நேர்மாறு. அவருக்குப் பத்து சதவீதமே போதும்.

முன்கணிப்பு முப்பது என்கிறது. அவர் திற என்கிறார், இவர் வேண்டாம் என்கிறார். இரண்டு பேருமே தங்கள் கணக்கில் சரி. நாற்பது ஆண்டுச் சண்டையில் ஒருவர் மற்றவரை மூடர் என்றும் கல்நெஞ்சர் என்றும் சொல்லி வந்ததன் அடியில் இந்த வகுத்தல் கணக்கு இருக்கிறது என்பதை நான் உணர்ந்தபோது, உண்மையில் எனக்கு மனம் லேசானது. டேவிட் ரிச்சர்ட்சன் 2000இல் காட்டியதும் இதையே: குழும முன்கணிப்பின் பயன் என்று பொதுவான ஒரு மதிப்பு கிடையாது, ஒவ்வொரு பயனாளிக்கும் அவரவர் செலவு–இழப்பு விகிதத்தைப் பொறுத்து அது மாறும். ஒற்றை முன்கணிப்பு ஒரு குறுகிய விகிதக்காரர்களுக்கே உதவும். வாய்ப்பாகக் கொடுத்தால் பத்து சதவீதக்காரரும் எழுபது சதவீதக்காரரும் ஒரே தாளிலிருந்து தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்.

இங்கேதான் நிற எச்சரிக்கை மீது எனக்குக் குறை. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று ஆக்கும்போது எத்தனை சதவீதத்தில் செயல்பட வேண்டும் என்ற எல்லையை நமக்காக வேறொருவர் தீர்மானித்துவிடுகிறார். பொதுமக்களுக்கு நிறம் வேண்டும், மறுக்கவில்லை. அணைப் பொறியாளருக்கும் ஆட்சியருக்கும் நிறத்தோடு சதவீதமும் போக வேண்டும்.

விடிகாலையில் கம்பம், கூடலூர், போடியிலிருந்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஜீப்பில் மலையேறும் பெண்களையும் இந்தக் கணக்கில் சேர்த்தே ஆக வேண்டும். போகாவிட்டால் ஒரு நாள் கூலி போகும். போய் மண் சரிந்தால் உயிர் போகும். இழப்பு இவ்வளவு பெரிதென்றால் மிகச் சிறிய வாய்ப்புக்கே நிற்க வேண்டும். ஆனால் அப்படி நின்றால் பருவத்தில் பாதி நாள் கூலி இல்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் மீது மலை இறங்கி 70 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் நம் தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள். அவர்களிடம் எத்தனை துல்லியமான சதவீதத்தைக் கொடுத்திருந்தாலும், இரவு போய்த் தங்கக் கூரையும் மறுநாள் கூலிக்கு உறுதியும் இல்லாமல் அதனால் என்ன செய்திருக்க முடியும்? முன்கணிப்பைச் சீராக்குவதற்கு நிகராக முன்னெச்சரிக்கையின் செலவைக் குறைக்கவும் பணம் போட வேண்டும். எச்சரிக்கை நாளுக்கு அரைக் கூலி, திறந்து வைத்த பள்ளிக்கூடம், சூடான சாப்பாடு. வகுத்தலில் மேலே உள்ள எண் சுருங்கினால், பொய்த்துப்போகும் எச்சரிக்கைகளை மக்கள் சலிக்காமல் தாங்குவார்கள்.

அணைகளுக்கும் இதே வழிதான். மாத வாரியாக இவ்வளவு மட்டம்தான் என்று சொல்லும் விதிவளைவு இன்று உண்டு. அதன்படியே 2021 அக்டோபர் 29 அன்று முல்லைப் பெரியாற்றில் ஷட்டர்கள் திறந்தன. விதிவளைவு என்பது கடந்த கால மழைச் சராசரியின் சொல். அடுத்த ஐந்து நாளைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அதன் மேல் ஒரு சிறு விதியை ஏற்றலாம்: திருத்தப்பட்ட குழும வாய்ப்பு இன்ன சதவீதத்தைத் தாண்டினால் இத்தனை அடி இறக்குவது, மழை பொய்த்தால் போன நீருக்கான ஈட்டை, பயனடைந்த பக்கம் தருவது. அந்தச் சதவீதத்தை இரு மாநிலப் பொறியாளர்களும் மேகம் இல்லாத ஏப்ரலில் உட்கார்ந்து பேசி எழுத வேண்டும். ஆகஸ்ட் நள்ளிரவில் பேச முடியாது.

பேச அமர்வதற்கு முன் செய்ய ஒரு வேலை இருக்கிறது, அதற்கு யார் அனுமதியும் தேவையில்லை. உலகின் பெரிய மையங்களின் குழும முன்கணிப்புகள் 2006 அக்டோபர் முதல் 'டிக்கி' என்ற பொதுச் சேமிப்பில் கிடக்கின்றன. 2018 ஆகஸ்ட் 12, 13 தேதிகளில், செறுதோணியில் ஷட்டர்கள் மூடப்பட்டுக்கொண்டிருந்தபோது, 15 முதல் 17 வரையிலான மழையைப் பற்றி ஒவ்வோர் ஓட்டமும் என்ன சொன்னது என்பது அதில் இருக்கிறது. அக்டோபர் 5 அன்று சொன்னதும் இருக்கிறது. இவற்றோடு இரு அணைகளின் மணிவாரிப் பதிவேட்டையும் மேட்டு மழைமானிகளின் பதிவையும் பக்கத்தில் வைத்து, 2006 முதல் இன்று வரை ஒவ்வொரு பருவத்துக்கும் நம்பகத்தையும் விரிவையும் செலவு–இழப்பையும் பார்க்க வேண்டும். மதுரையிலோ கோட்டயத்திலோ உள்ள ஒரு கல்லூரித் துறைக்கு இரண்டு ஆண்டு வேலை. இரண்டும் சேர்ந்து செய்தால் ஒன்றரை ஆண்டில் முடியும்.